இருநூறு மீட்டர் அண்ணன்

ஈப்போவில் கடல் கிடையாது. சுற்றிலும் சுண்ணாம்புக் குன்றுகள், குன்றுகளுக்கு இடையே ஈயம் தோண்டிவிட்டுப் போன குட்டைகள், குட்டை ஓரங்களில் எங்கள் தாமான்கள். அலையைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் லுமுட்டுக்குப் போகவேண்டும், எண்பது கிலோமீட்டருக்கு மேல். இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டுதான் எங்கள் அண்ணன் மூன்று வருஷமாக முக்குளிப்பவர்கள் கட்டுகிற கைக்கடிகாரம் தேடினார்.

அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் இல்லை, எங்கள் வரிசை வீட்டுக்காரர். வயது ஐம்பத்தாறு. ‘இருநூறு மீட்டர் அண்ணன்’ என்பது நாங்கள் வைத்த பெயர். உங்கள் தாமானிலும் இப்படி ஒருவர் கட்டாயம் இருப்பார். பொருள்தான் வேறாக இருக்கும். சிலர் கேமரா தேடுவார்கள், சிலர் மிதிவண்டி தேடுவார்கள். தேடுவார்களே தவிர வாங்கமாட்டார்கள்.

கடிகார ஜாதியைக் கண்டுபிடிப்பது சுலபம். கல்யாண வீட்டில் கை கொடுத்தால் உங்கள் முகத்தைப் பார்க்காமல் மணிக்கட்டைப் பார்ப்பார்கள். அண்ணன் பிடித்த கையை விடவும் மாட்டார். வைத்தியர் நாடி பார்ப்பதுபோல மெல்லத் திருப்பி, “குவார்ட்ஸா?” என்பார். அந்தக் காலத்தில் ஊர் விட்டு வந்தவர்கள் ‘நீங்க எந்தப் பக்கம்?’ என்று கேட்பார்களே, அதே தொனி. ஆமாம், பேட்டரிதான் என்றால் கை உடனே விடுபடும். “பரவால்லே, அதுவும் மணி காட்டும்” என்று ஆறுதல் சொல்லிவிட்டு அடுத்த கைக்குப் போய்விடுவார்.

அவருக்கு வேண்டியது ஆட்டோமெட்டிக். சாவியும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம். கட்டியவன் கை ஆட, உள்ளே அரைவட்டத் தகடு ஒன்று சுழன்று வில்லை முறுக்கிக்கொள்ளும். சீக்கோக்காரன் 1959-லேயே ஒரு நெம்புகோலைக் கண்டுபிடித்து, தகடு எந்தப் பக்கம் சுற்றினாலும் முறுக்கு ஏறும்படி செய்துவிட்டான் என்று அண்ணன் சொல்லும்போது குரல் தழுதழுக்கும். “ரெண்டு பக்கமும் ஏறும், தம்பி! ரெண்டு பக்கமும்!” அவருடைய சம்பளம் ஒரு பக்கமும் ஏறவில்லை என்பதை நாங்கள் அந்த நேரத்தில் நினைவூட்டுவதில்லை.

அந்த ஆட்டோமெட்டிக் இருநூறு மீட்டர் தண்ணீரையும் தாங்கவேண்டும். விலை ஆயிரம் வெள்ளிக்குள் இருக்கவேண்டும்.

ஏன் இருநூறு மீட்டர் என்று ஒருமுறை வாய் தவறிக் கேட்டுவிட்டேன். ஒட்டுக்கடையில் தே தாரே ஆறிப்போகிற வரைக்கும் வகுப்பு நடந்தது. முப்பது மீட்டர் என்று போட்டிருக்கும் வாட்சை நம்பி நீந்தக்கூடாதாம், அது கை கழுவத்தான் லாயக்கு. முக்குளிப்பு வாட்சுக்கு ஐ.எஸ்.ஓ. 6425 என்று ஒரு சர்வதேச விதி இருக்கிறது. எழுதிய ஆழத்துக்கு மேல் கால்பங்கு கூடுதலாக அழுத்திச் சோதிக்கவேண்டும். இருநூறு என்று போட்டால் இருநூற்றைம்பதுக்கு அழுத்தியிருக்கவேண்டும். கும்மிருட்டில் இருபத்தைந்து சென்டிமீட்டர் தள்ளி வைத்தாலும் மணி தெரியவேண்டும். மேலே இருக்கிற வளையம் தெரியாமல் நகர்ந்துவிடக்கூடாது; பெரும்பாலும் அது ஒரு பக்கம்தான் சுற்றும்.

“அது ஏன் ஒரு பக்கம்?”

“தண்ணிக்குள்ள போறப்போ வளையத்தோட புள்ளிய நிமிஷ முள்ளுக்கு நேரா வச்சிருவாங்க. அப்புறம் எத்தனை நிமிஷம் ஆச்சுன்னு வளையத்தப் பாத்தா போதும். பாறை கீறையில இடிச்சு வளையம் நகந்துச்சுன்னு வை, நேரம் கூடிப்போச்சுன்னுதான் காட்டும், கொறச்சுக் காட்டாது. காத்து தீர்றதுக்கு முன்னாடியே ஆளு மேல வந்துருவான்.”

எனக்குப் புரிந்துவிட்டது. ஆலோங்கிடம் வாங்கிய கடன் கணக்கும் இப்படித்தான், ஒரு பக்கம்தான் ஏறும்.

பொழுதுபோக்குக்கு முக்குளிப்பவர்களே நாற்பது மீட்டரோடு நின்றுவிடுகிறார்கள். பங்கோர் பக்கத்துக் கடலில் இருநூறு மீட்டர் ஆழம் வேண்டுமென்றால் அடியில் தோண்டவேண்டும். தோண்டுவது பேராக்காரனுக்குப் புதிதில்லைதான். ஆனால் அண்ணனுக்கு நீச்சல் தெரியாது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். அண்ணன் ஆழத்தை மில்லிமீட்டர் வரை தெரிந்து வைத்திருந்தார்; காலைத்தான் விடவில்லை.

அண்ணி பாவம். ஆரம்பத்தில் அவர் விஷயத்தையே வேறு மாதிரி விளங்கிக்கொண்டார். இந்த வாட்சுகளுக்கு உலகமே மீன் பெயர்களாக வைத்திருக்கிறது. ஓரியண்ட் கம்பெனியில் மாக்கோ என்றால் சுறா, ரே என்றால் திருக்கை, கமாசு என்றால் ஜப்பான் பாஷையில் நம்ம சீலா மீன். சிட்டிசனில் ஒன்றுக்கு ஃபூகு என்று பெயர், பேத்தை மீன். சீக்கோவில் ஒன்று ஆமை, இன்னொன்று சூரை மீன் டின். ரஷ்யாக்காரன் 1967-இல் செய்த வொஸ்டோக் ஒன்று உண்டு, அதன் பேரே நீரிலும் நிலத்திலும் வாழ்வது என்று பொருள்படும். தவளை என்று வைத்துக்கொள்ளலாம். ராத்திரி பதினோரு மணிக்கு அண்ணன் கைப்பேசியில் கூட்டாளியோடு பேசுவார்: “சீலா நல்லாத்தான் இருக்கு, ஆனா திருக்கை கொஞ்சம் மலிவு. ஆமை சைஸ் பெருசு. பேத்தை வேணாம்னு நெனைக்கிறேன்.”

மறுநாள் காலையில் அண்ணி என் வீட்டு வேலி ஓரம் வந்து நின்றார். “ஏன் தம்பி, உங்க அண்ணன் பாசார்ல மீன் கடை கீது போடப் போறாரா?”

ஆரம்பத்தில் அண்ணனுடைய பட்ஜெட் முந்நூறு வெள்ளி. முந்நூறுக்கு ஒன்று பார்த்தார், நன்றாக இருந்தது. இன்னும் நூறு போட்டால் கீறல் விழாத சஃபையர் கண்ணாடி. இன்னும் நூறு போட்டால் கையாலும் முறுக்கலாம், முள்ளையும் நிறுத்தி வைக்கலாம். இன்னும் இருநூறு போட்டால் சங்கிலி கெட்டியாக இருக்கும். இப்படி நூறு நூறாகப் படியேறி ஒரு சனிக்கிழமை மத்தியானம் அண்ணன் 1953-இல் வந்த ரோலக்ஸ் சப்மரைனர் வாசலில் போய் நின்றார். எட்டிப் பார்த்தார். பெட்டியைத் திறக்கும் விலைக்கு வீட்டின் பின்கட்டைத் திறந்து இரண்டு அறை போடலாம். இறங்கி வந்துவிட்டார், நேராக முந்நூறுக்கு. இந்தப் படியேற்றம் மாதத்துக்கு ஒரு முறை நடக்கும், கிருத்திகை மாதிரி.

நிராகரிப்புகளுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது, பள்ளிக்கூடத்துச் சிவப்புக் கோட்டுப் புத்தகம். சிட்டிசனின் பழைய மாடல்: திருகு இடப்பக்கம் எட்டு மணி இடத்தில் இருக்கிறது, வீட்டில் இடக்கை ராசியில்லை. இன்னொன்று: இரவில் ஒளிர்வது பச்சை, நீலமாக இருந்தால் தேவலாம். 2019-இல் வந்த புது சீக்கோ 5 ஸ்போர்ட்ஸ்: பார்க்க முக்குளிப்பு வாட்ச், தண்ணீரோ நூறு மீட்டர்தான். “வேஷம் போட்ட பயல்” என்று எதிரில் எழுதியிருந்தார். அவருடைய உண்மையான காதல் சீக்கோ எஸ்.கே.எக்ஸ். 007 மீது. 1996-இல் வந்தது, மலிவு, கெட்டி, இருநூறு மீட்டர். அண்ணன் ஆராய்ச்சியை முடிப்பதற்குள் கம்பெனி அதை நிறுத்திவிட்டது. அந்தப் பக்கத்தில் ஒன்றும் எழுதாமல் தேதி மட்டும் போட்டிருந்தார்.

அந்த மாடலிலும் ஒரு பிரச்சினை இருந்தது. கே என்றும் ஜே என்றும் இரண்டு வகை. ஜே வகையின் முகத்தில் ஜப்பானில் செய்தது என்று எழுதியிருக்கும், விலை கூட. சீக்கோக்களில் சிலவற்றின் முதுகில் மலேசியா என்றே பொறித்திருக்கும். அண்ணனுக்கு ஜே-தான் வேண்டும். தேசிய தினத்தன்று காருக்கு இரண்டு கொடி கட்டுகிற மனிதர்.

“சப்பான்காரன் சாமானா?” என்றது கிழவி.

கிழவி என்பது அண்ணனின் அம்மா. வயது தொண்ணூற்றைத் தொடுகிறது, காது மட்டும் கூர். சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு கித்தாத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பால் வெட்டி, அங்கேயே ஏழு பிள்ளை பெற்றவர். தோட்டத்தைச் செம்பனைக்கு மாற்றி, லயத்தை இடித்த பிறகு வேறு வழியில்லாமல் ஈப்போவுக்கு வந்தவர். சப்பான்காரன் வந்த கையோடு 1942-இல் செய்த முதல் வேலைகளில் ஒன்று, கடிகாரத்தைத் தோக்கியோ நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் தள்ளி வைத்தது. “எங்கப்பன் சொல்லும். ராத்திரி தூங்கப் போனா சாமம், எந்திரிச்சாலும் சாமம். இவன் என்னடான்னா அந்தச் சப்பான்காரன் கடியாரத்துக்குக் காசு குடுத்து வாங்கப் போறானாம்.”

கிழவியின் நேர விஷயத்தில் யாரும் வாய் திறக்க முடியாது. 1982 ஜனவரி முதல் தேதி அரசாங்கம் தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளியது. சபா, சரவாக்கோடு ஒன்றாக வரட்டும் என்று. கிழவி அதை இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. மருந்து எட்டு மணிக்கு என்றால் அவருக்கு எட்டரைக்குத்தான் எட்டு. “பழைய மணிக்கு இன்னும் ஆகலியே” என்பார். தோட்டத்தில் யாரிடம் கடிகாரம் இருந்தது? தொரை கையில் ஒன்று, கிராணி கையில் ஒன்று. மற்றவர்களுக்கு ஆலைச் சங்கு. சங்கு ஊதினால் பெரட்டு, பேர் கூப்பிடும்போது இல்லையென்றால் அன்றைய கூலி போச்சு. விடிகிற முன்னே கோடு போட்டால்தான் பால் நன்றாக இறங்கும், வெயில் ஏறினால் மரம் இறுகிக்கொள்ளும். அதனால் நெற்றி விளக்கோடு நிரைக்குள் போவார்கள். மரத்தைக் கீறி, மங்கில் சொட்டுகிற வேகத்தைப் பார்த்தே கிழவி மணி சொல்லும் என்று அண்ணன் பெருமையாகச் சொல்வார். அந்தக் கடிகாரத்துக்கும் பேட்டரி கிடையாதுதான்.

அண்ணனுடைய அப்பாவிடம் ஒரு சீக்கோ 5 இருந்தது. தோட்டத்தை விட்டு வந்தபோது கிடைத்த சேமநிதிப் பணத்தில் வாங்கியது. கல்யாணத்துக்கும் தைப்பூசத்துக்கும் கட்டுவார். கல்லுமலைக் கோயிலில் இறங்கும்போது கட்டி, வீடு வந்ததும் கழற்றி, வேட்டித் துணியில் சுற்றி பெட்டிக்குள் வைத்துவிடுவார். இப்படி ஆடாமல் வைத்தால் ஆட்டோமெட்டிக் நின்றுபோகும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அடுத்த கல்யாணத்துக்கு எடுத்தால் போன கல்யாணத்து மணி காட்டும். ரிப்பேர் என்று நினைத்து, வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லாமல், தப்பு மணி காட்டும் கடிகாரத்தையே கட்டிக்கொண்டு போய் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அண்ணனுக்கு இது தெரிந்தது அப்பா போன பிறகு, பெட்டியைத் திறந்து கையில் எடுத்தபோது. கை பட்டதும் அது ஓட ஆரம்பித்தது.

இதைச் சொல்லிவிட்டு அண்ணன் எப்போதும் தே தாரேயை ஒரே மடக்கில் குடித்துவிடுவார்.

பழைய நகரத்தில் அஞ்சடி நடையில் ஒரு கண்ணாடிப் பெட்டியை வைத்துக்கொண்டு சீனக் கிழவர் ஒருவர் கடிகாரம் பழுது பார்க்கிறார். ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடி, எதிரே சவுக்காரத் தூள் டப்பாவில் பற்சக்கரங்கள். சனிக்கிழமை தவறாமல் அண்ணன் அங்கே ஆஜர். தவுக்கே என்று கூப்பிடுவார், பேச்செல்லாம் பாசார் மலாய். ஒருநாள் நானும் கூடப் போயிருந்தேன். மூன்று மாடல்களை ஒவ்வொன்றாக விவரித்து, இருநூறு மீட்டர் கணக்கையும் சொல்லி, கடைசியில் அண்ணன் கேட்டார்: “தவுக்கே, இனி ஜாம் போலே பெரெனாங் கா?” இந்தக் கடிகாரம் நீந்துமா என்று.

கிழவர் பூதக்கண்ணாடியைக் கழற்றி அண்ணனை மேலும் கீழும் பார்த்தார். வயிற்றில் பார்வை கொஞ்சம் தங்கியது.

“ஜாம் போலே,” என்றார். “லு போலே கா?”

கடிகாரம் நீந்தும், நீ நீந்துவியா?

வழியெல்லாம் அண்ணன் பேசவில்லை. 1909-இல் கட்டிய பர்ச் மணிக்கூண்டைக் கடக்கும்போது மட்டும் நின்றார். “தெலுக் இந்தான் கோபுரம் பாத்திருக்கியா? 1885-ல கட்டுனது. உள்ள தண்ணித் தொட்டி, மேல கடிகாரம். தண்ணியும் மணியும் ஒண்ணாச் சேர்றது நம்ம ஊருக்குப் புதுசா என்ன?” என்றார். அந்தக் கோபுரம் தண்ணீர்ப் பாரத்தால் மண் இளகிச் சாய்ந்துவிட்டது என்பதை நான் சொல்லவில்லை. அவர் மனது ஏற்கெனவே சாய்ந்திருந்தது.

வார் விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் சரிவராது. முக்குளிப்பு வாட்சுகள் பலவும் ரப்பர் வாரோடு வரும். அண்ணனுக்கு ரப்பர் ஆகாது. 1877-இல் கோலகங்சாரில் நட்ட கித்தாக் கன்றில் தொடங்கி அவருடைய தாத்தா, அப்பா, அம்மா என்று மூன்று பேர் தோளில் காண்டா தழும்பு ஏறியிருக்கிறது. “பால் வாளி தூக்குன வம்சம் நான். இன்னும் கித்தாவ கையில கட்டிக்கிட்டு அலையணுமா? எஃகுச் சங்கிலிதான்.” நியாயம்தான். ஆனால் தண்ணீர் உள்ளே போகாமல் காப்பதே பின்மூடியில் இருக்கும் ரப்பர் வளையம் என்று தவுக்கே சொன்ன நாளில் அண்ணன் நோட்டை மூடிவிட்டு ஒரு வாரம் திறக்கவில்லை.

மூன்று வருஷ ஆராய்ச்சியை மகள் நான்கு நிமிடத்தில் முடித்துவிட்டாள். கோலாலம்பூரில் வேலை பார்க்கிற பெண். தீபாவளிக்கு வந்தபோது ஒரு பெட்டியை நீட்டினாள். உள்ளே ஓரியண்ட் கமாசு. இருநூறு மீட்டர், சஃபையர் கண்ணாடி, எஃகுச் சங்கிலி, கையாலும் முறுக்கலாம். முகம் கருஞ்சிவப்பு.

“எப்படிம்மா செலெக்ட் பண்ணே?” அண்ணனுக்குக் குரல் வரவில்லை.

“உங்க தீபாவளிச் சட்டைக்கு மேட்ச்சா இருந்துச்சுப்பா.”

அண்ணன் நோட்டைப் புரட்டி அதில் ஒரு குறை தேடினார். கிழமையைக் காட்டும் சக்கரத்தில் இரண்டு மொழி இருந்தது; அவர் தெரியாமல் ஸ்பானிஷில் நிறுத்திவிட்டார். புதன்கிழமை காலையில் ‘மியே’ என்று காட்டியது. “என்னா கெழமைங்க?” என்று கேட்ட அண்ணிக்கு அதையே வாசித்தும் காட்டினார். அண்ணி, ஆட்டுக்குட்டி எங்கே வந்தது என்று பின்வாசலை எட்டிப் பார்த்தார். அதைத் திருத்தியதும் குறை ஒன்றும் மிச்சமில்லை. வேலையில்லாமல் போன மனிதன் முகம் எப்படி இருக்கும் என்று அந்த வாரம்தான் பார்த்தேன்.

நல்ல வேளை, திங்கட்கிழமை வாட்ச் நின்றுவிட்டது. முழு முறுக்கு ஏறினால் நாற்பது மணி நேரம் தாங்கும். ஆனால் சனி ஞாயிறு முழுக்க அண்ணன் சோபாவில் சாய்ந்து அதை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்ததில் கையே ஆடவில்லை. அன்று சாயந்திரம் டி.ஆர். சீனிவாசகம் பூங்காவில் அவரைப் பார்த்தேன். வலது கை பாக்கெட்டுக்குள், இடது கை மட்டும் ஊஞ்சல்போல ஆட, வேகமாக நடந்துகொண்டிருந்தார். நடக்கச் சொல்லி டாக்டர் ஆறு வருஷமாகக் கெஞ்சியது அண்ணிக்குத்தான் தெரியும். “சுகருக்கு நடக்காத மனுஷன் சீலா மீனுக்கு நடக்குறாரு” என்றார்.

வளையத்துக்கும் வேலை கிடைத்தது. கோப்பிக்கடையில் அரை வேக்காட்டு முட்டைக்குப் புள்ளி வைப்பார். கோயில் ஆண்டுக்கூட்டத்தில் தலைவர் மைக்கைப் பிடித்ததும் ‘கிரிக், கிரிக்’ என்று வளையம் திரும்பும் ஓசை பின்வரிசை வரை கேட்கும். அறுபது நிமிடத்துக்கு மேல் வளையத்தில் கணக்கு இல்லை. சென்ற கூட்டத்தில் தலைவர் இரண்டாம் சுற்றிலும் பத்து நிமிடம் போனார். முக்குளித்திருந்தால் செத்திருப்பான் என்று அண்ணன் என் காதில் சொன்னார்.

பள்ளி விடுமுறையில் எல்லோருமாகப் பங்கோர் போனோம். லுமுட்டில் படகு ஏறும்போதே அண்ணன் இடது கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டார், உப்புக்காற்று. தெலுக் நிப்பாவில் எல்லோரும் தண்ணீருக்கு ஓடினோம். அண்ணி புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகி, பேரப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அலைக்குள் இறங்கினார். அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டி, மணலில் பாய் விரித்து, வாட்சைக் கழற்றிக் கைக்குட்டையில் வைத்து மடியில் பத்திரப்படுத்தினார். பிறகு குனிந்து புள்ளியை நிமிஷ முள்ளுக்கு நேராகத் திருப்பி வைத்தார்.

“நீங்க இறங்கலியாண்ணே?”

“யாராச்சும் நேரம் பாக்க வேணாமா, தம்பி?”

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து நின்று, இரண்டு கையையும் வாயருகே குவித்துக் கடலைப் பார்த்துக் கத்தினார்: “ஏய்! பன்னெண்டு நிமிஷம் ஆச்சு! மேல வா!”

அலைச் சத்தத்தில் அண்ணிக்கு முதலில் கேட்கவில்லை. கேட்டதும் இடுப்புப் பிள்ளையோடு திரும்பி நின்று பதில் கத்தினார்.

“இங்க முழங்காலுதாங்க நனைஞ்சிருக்கு!”